ஒப்புக்கொண்டால் விட்டுவிடுவார்களாம்

சென்னை
11.5.1980

அன்புள்ள அக்காவுக்கு,

சாவித்திரியின் வணக்கம். உன் இருமல் நின்றதா? மாமாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? நாள் முழுக்கத் தறிக்குழியில் காலை மடக்கி உட்காருகிறவரை வைத்தியர் தினம் நடக்கச் சொன்னார் என்று எழுதியிருந்தாய். நடக்கிறாரா, நடந்ததாகச் சொல்லிக்கொள்கிறாரா?

வக்கீலாகப் பதிவு செய்தாயிற்று. கறுப்புக் கோட்டோடு சீனியருக்குப் பின்னால் கேஸ் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு நடக்கிறேன். நீதிபதி இதுவரை என்னைப் பார்த்துச் சொன்னது ஒரே வார்த்தை: "உட்காருங்கள்."

மேலே படிக்க ஆசை. மூன்று வழி இருக்கிறது. எம்.எல்.லில் குற்றச் சட்டம் எடுக்கலாம். அல்லது வணிகச் சட்டம். அதில் வங்கிகளை ஒழுங்குபடுத்தும் சட்டம்தான் பெரிய பாடம். போன மாதம் இன்னும் ஆறு வங்கிகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டதல்லவா, எல்லா வங்கியிலும் சட்ட அதிகாரி தேடுவார்கள், வேலை நிச்சயம் என்கிறார் சீனியர். மூன்றாவது கிரிமினாலஜி. குற்றம் ஏன் நடக்கிறது, யார் செய்கிறார்கள், ஜெயில் அவர்களை என்ன செய்கிறது என்றெல்லாம் ஆராய்கிற படிப்பு. வக்கீல்கள் அதிகம் அந்தப் பக்கம் போவதில்லை. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

அப்பாவும் அம்மாவும் இல்லாத வீட்டில் நீதான் எங்கள் இரண்டு பேரையும் வளர்த்தாய். நீ சொல். தம்பியையும் கேள். வழக்கம்போல உன் கடிதத்தின் அடியில் அவனையும் நாலு வரி எழுதச் சொல்.

உன்
சாவித்திரி

*

ஆரணி
20.5.1980

சாவித்திரிக்கு அக்கா கமலம் ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இருமல் தேவலை. உன் மாமா விடியற்காலையில் நடக்கப் போகிறார், டீக்கடை வரைக்கும்.

எட்டாவது படித்த என்னைக் கேட்டால் நான் என்ன சொல்ல? பாங்கி வேலை நல்லது. மின்விசிறிக்கு அடியில் உட்காரலாம். திருடனையும் கொலைகாரனையும் பற்றிப் படித்து உனக்கு என்ன ஆகப்போகிறது? ஆனால் எது எடுத்தாலும் நடுவில் விடாதே. அப்பா போனபோது பரீட்சை எழுதாமல் பாதியில் எழுந்து வந்தாய், ஒரு வருஷம் வீணாயிற்று. அந்த மாதிரி இன்னொரு தடவை நடக்க நான் விடமாட்டேன்.

ஜெகநாதன் முதலாளி சாயப்பட்டறைச் சாவியைத் தருமன் கையிலேயே கொடுத்துவிட்டார். இருபது வயசுப் பையனிடம் அவ்வளவு நம்பிக்கை. மற்றதை அவனே எழுதுகிறான்.

கமலம்

சின்னக்காவுக்கு, தருமன். பெரியக்கா பாங்கி என்கிறாள். மாமா குற்றச் சட்டம் என்கிறார். அதனால் நீ மூன்றாவதையே எடு, வீட்டில் சண்டை வராது. நீ படிக்கிறதெல்லாம் பட்டறையில் நானே படிக்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறேன். என்னை ஃபெயிலாக்கிவிடாதே. கோட்டு வெளுத்தால் அனுப்பு, கறுப்புச் சாயம் என்னிடம் தாராளமாக இருக்கிறது.

*

ஆரணி
17.6.1980

சாவித்திரிக்கு அக்கா எழுதுவது. நாங்கள் நலம். மூன்று படிப்புக்கும் விண்ணப்பம் போட்டதாகவும் ஜூலையில் நுழைவுத் தேர்வு என்றும் நீ எழுதியது கிடைத்தது. நன்றாகப் படி. வேளைக்குச் சாப்பிடு.

தருமன் பட்டறை வேலையாக வெளியூர் போயிருக்கிறான். அதனால் இந்தக் கடிதத்தில் அவன் எழுதவில்லை.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். பக்கத்துத் தெரு பூங்காவனத்தை உனக்கு ஞாபகம் இருக்கும். அவள் மகனை ஏதோ நூல் காணாமல் போன விஷயமாக ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார்கள். ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்புகிறோம் என்றார்கள். நாலு நாள் ஆயிற்று. போய்க் கேட்டால், "இங்க இல்லம்மா, போ" என்கிறார்கள். அப்படி வைத்திருக்கச் சட்டத்தில் இடம் உண்டா? யாரிடம் போய்க் கேட்க வேண்டும்? அவள் என்னிடம் வந்து அழுகிறாள். ஜல்தியாக எழுது.

கமலம்

*

சென்னை
26.6.1980

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். தேர்வுக்குப் படிப்பதில் பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. விடுதிச் சாப்பாட்டில் உயிரோடுதான் இருக்கிறேன்.

பூங்காவனம் மகனைப் பற்றிக் கேட்டிருந்தாய். நுழைவுத் தேர்வில் வரக்கூடிய கேள்வி! கைது செய்த ஒருவரை இருபத்து நாலு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அவர் உத்தரவு இல்லாமல் அதற்கு மேல் வைத்திருப்பது சட்ட விரோதம். கைதுக்கு என்ன காரணம் என்று சொல்ல வேண்டும். வக்கீலைப் பார்க்க விட வேண்டும். இதெல்லாம் அரசியல் சட்டமே கொடுத்திருக்கிற உரிமை. கைது என்றே எழுதாமல் 'விசாரணை' என்று சொல்லி வைத்திருந்தால் ஐகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போடலாம். அதன் வரலாறு மிகவும் சுவாரஸ்யமானது, நேரில் வரும்போது சொல்கிறேன்.

தருமன் எந்த ஊருக்குப் போயிருக்கிறான்? பெங்களூர் என்றால் எனக்கு ஒரு கடிதம் கூடவா போடக் கூடாது?

சாவித்திரி

*

ஆரணி
2.7.1980

சாவித்திரிக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே எல்லாரும் இருக்கிறோம்.

அந்தப் பையனை இப்போது கோர்ட்டில் நிறுத்திவிட்டார்கள். ரிமாண்டு என்கிறார்கள். வலது கை விரல் வீங்கியிருக்கிறது. கதவில் நசுங்கியது என்று எழுதிக்கொண்டார்களாம். வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அது செல்லுமா?

இன்னொன்றுதான் முக்கியம். அடுத்த வாய்தாவில் ஜட்ஜ் கேட்கும்போது ஆமாம் என்று ஒப்புக்கொண்டால், இதுவரை உள்ளே இருந்ததே போதும் என்று விட்டுவிடுவார்களாம். மறுத்தால் வருஷக்கணக்கில் இழுக்கும் என்று ஏட்டு சொல்கிறார். அவன் செய்யவில்லை. செய்யவே இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்தால் போதும் என்கிறான். ஒப்புக்கொள்ளலாமா, கூடாதா? அதை மட்டும் எழுது. ஒரு கார்டு போதும். வாய்தா பத்தாம் தேதி.

கமலம்

*

சென்னை
13.7.1980

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். தேர்வு முடிந்தது! நன்றாக எழுதியிருக்கிறேன். தேர்வு முடிகிறவரை எந்தக் கடிதத்தையும் பிரிப்பதில்லை என்று வைத்திருந்தேன், உன் கடிதத்தையும் இன்றுதான் படித்தேன். வாய்தா தேதி தாண்டிவிட்டது, இருந்தாலும் சொல்கிறேன்.

ஒப்புக்கொள்ளவே கூடாது. போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சியமாகாது, வெள்ளைத் தாளில் வாங்கிய கையெழுத்தும் செல்லாது. ஆனால் கோர்ட்டில் அவனே வாய் திறந்து ஆமாம் என்றால் கதை முடிந்தது. அப்பீல்கூடக் கிடையாது. ஆனாலும் எனக்குப் புரியவில்லை அக்கா, செய்யாதவன் எதற்கு ஒப்புக்கொள்வான்?

நீ ஏன் அந்த வீட்டு விவகாரத்தில் இவ்வளவு அலைகிறாய்? கோபித்துக்கொள்ளாதே. நாளைக்கு வங்கி வேலை என்று வந்தால் போலீஸ் வந்து நம் தெருவில் விசாரிக்கும். திருட்டுக் கேஸ் குடும்பத்தோடு நமக்குப் பழக்கம் என்று யாராவது சொன்னால் எனக்குத்தான் கஷ்டம். ஊரில் வக்கீல்கள் இருக்கிறார்கள், அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நீ கொஞ்சம் ஒதுங்கியே இரு.

தருமன் வந்துவிட்டானா?

சாவித்திரி

*

சென்னை
6.8.1980

அக்காவுக்கு,

நலமா? மூன்று வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? மூன்று பிரிவுக்கும் நேர்முகத்துக்கு அழைப்பு வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். இன்னும் எதை எடுப்பது என்று முடிவு செய்யவில்லை. தருமனை எழுதச் சொல்.

சாவித்திரி

*

ஆரணி
11.8.1980

சாவித்திரிக்கு உன் மாமா ராஜவேலு எழுதுவது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. உன் அக்கா எழுத மாட்டேன் என்கிறாள்.

பூங்காவனத்தின் மகன் நன்றாக இருக்கிறான். தறி போட்டுகினு அவன் வீட்டில்தான் இருக்கிறான். நடந்ததெல்லாம் நம் தருமனுக்கு.

ஜெகநாதனின் சாயப்பட்டறைக் கிடங்கில் சாயம் ஏற்றாத கோராப் பட்டு நூல் இரண்டு கட்டு காணவில்லை. சாவி தருமனிடம் இருந்தது. மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டார்கள். கையைக் கழுவிவிட்டுப் போனான். அடித்தது எனக்குத் தெரியும், முதுகைப் பார்த்தேன். நூல் இன்றுவரை கிடைக்கவில்லை. "எனக்கு அவன் மேல சந்தேகமே இல்லீங்க, அவங்களாதான் பண்ணிட்டாங்க" என்று ஜெகநாதன் என்னிடம் சொல்கிறார். அதையே கோர்ட்டில் வந்து சொல்லும்படி கேட்டேன். வரவில்லை.

உனக்கு எழுதக் கூடாது என்று கமலத்திடம் சத்தியம் வாங்கியவன் தருமன்தான். "சின்னக்கா பரீட்சைய வுட்டுட்டு ஓடியாந்துடும் மாமா, எழுதாதீங்க" என்று முதல் நாளே ஸ்டேஷன் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னான். அவள் சத்தியத்தையும் மீறாமல் உன்னையும் கேட்டாக வேண்டும் என்று பூங்காவனத்தின் பெயரைப் போட்டு எழுதினாள். இங்கே ஒரு வக்கீலைப் பார்த்தோம். அவர் வாய்தாவுக்கு வரவில்லை.

பத்தாம் தேதி காலை வரைக்கும் தபால்காரருக்காக வாசலில் நின்றாள். பிறகு கோர்ட்டுக்குப் போனோம். ஜட்ஜ் ஏதோ கேட்டார், இவன் "ஆமாங்க" என்றான். டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. ஒரு வருஷம் கொடுத்துவிட்டார். தருமனுக்குப் புரியவில்லை, கூண்டிலிருந்து இறங்கி எங்கள் பக்கம் நடந்து வந்தான். வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்துவிட்டான். கையைப் பிடித்து இழுத்துப் போனார்கள். இப்போது வேலூர் ஜெயிலில் இருக்கிறான்.

உன் கடிதம் ஆறு நாள் கழித்து வந்தது. கமலம் படித்துவிட்டு, 'செய்யாதவன் எதற்கு ஒப்புக்கொள்வான்' என்ற வரியை மட்டும் இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தாள். பிறகு உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். உன் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. ஏதாவது செய்ய முடியுமா என்று பார்.

ராஜவேலு

*

வேலூர்
21.8.1980

என் அக்காவுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு முகமில்லை. ஆனாலும் கேட்கிறேன், சாப்பிடுகிறாயா?

தருமனைப் பார்த்தேன். இளைத்துவிட்டான். என்னைக் கண்டதும் வலது கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். நடுவிரலும் மோதிர விரலும் மடங்கவில்லை. நான் பேச வாயெடுப்பதற்குள் அவன் கேட்டது, "பரீட்ச இன்னா ஆச்சு?"

பாஸ் என்றேன்.

"அப்ப சரி" என்றான்.

"ஏண்டா ஆமான்னு சொன்ன?"

"அவங்க சொல்லச் சொன்னதெல்லாம் சொல்லிகினே இருந்தேன்க்கா. அன்னிக்கும் அப்படியே வந்துடுச்சு."

படித்த சட்டம் ஒன்றும் வாயில் வரவில்லை.

சீனியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குற்றத்தை ஒப்புக்கொண்டவனுக்கு அப்பீல் இல்லை. ஆனால் ஒப்புக்கொண்ட விதமே தவறு என்று செஷன்ஸ் கோர்ட்டில் சீராய்வு மனு போடலாம் என்றார். ஜெயிலுக்கு வந்த அன்று டாக்டர் அவன் காயங்களைக் குறித்து வைத்திருக்கிறார். நல்ல மனிதர். நகல் கேட்டிருக்கிறேன். குற்றச்சாட்டை அவனுக்கு விளக்கிச் சொன்னதாகவோ, வக்கீல் உண்டா என்று கேட்டதாகவோ கோர்ட்டுக் காகிதத்தில் ஒரு வரி இல்லை. நானே ஆஜராகப் போகிறேன். தோற்றால் ஐகோர்ட். அங்கேயும் தோற்றால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை அக்கா.

பயமாக இருக்கிறது. எழுது. ஒரு வரியாவது எழுது.

சாவித்திரி

*

ஆரணி
30.8.1980

சாவித்திரிக்கு,

சாப்பிடுகிறேன். நீயும் சாப்பிடு. உன்னிடம் நான் பொய் சொன்னேன், அதற்கு நீ பொய்யான வீட்டுக்குத்தான் பதில் எழுதினாய். இனி அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

அவனை வீட்டுக்குக் கொண்டுவா.

கமலம்

*

சென்னை
8.10.1980

அன்புள்ள அக்காவுக்கு,

இந்நேரம் அவன் உன் கையால் சாப்பிட்டிருப்பான்! நேற்று மாமா வந்து எல்லாம் சொல்லியிருப்பார். இருந்தாலும் என் வாயால் ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன்: தீர்ப்பு ரத்து. தண்டனை ரத்து. தருமன் குற்றவாளி இல்லை.

நீதிபதி டாக்டரின் குறிப்பைக் கையில் வாங்கி வெகுநேரம் படித்தார். அரசு வக்கீலைப் பார்த்து, "கதவில் நசுங்கினால் முதுகில் எப்படி வரும்?" என்று கேட்டார். அரசு வக்கீல் உட்கார்ந்துவிட்டார். என்னை இந்த முறை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

ஜெயில் வாசலில் மாமாவும் நானும் நின்றோம். தருமன் வெளியே வந்து வெயிலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினான். ஆரணிக்கு நானும் வருவதாகத்தான் இருந்தேன். மறுநாள் பல்கலைக்கழகத்தில் நேர்முகம் என்று மாமா வாய்தவறிச் சொல்லிவிட்டார். அவன் பிடிவாதம் பிடித்தான். "நீ போக்கா. நான் எங்க போயிடப் போறேன், மாமாகூடத்தான போறேன்" என்று என்னை மெட்ராஸ் பஸ்ஸில் அவனே ஏற்றிவிட்டான். வெகுநாள் கழித்துச் சிரித்தான்.

இன்று காலை நேர்முகம் முடிந்தது. எந்தப் பிரிவு என்று கேட்டார்கள். கிரிமினாலஜி என்றேன். வங்கிச் சட்டத்தில் நல்ல மதிப்பெண் வைத்துக்கொண்டு ஏன் இது என்று கேட்டார்கள். அழுதுவிட்டேன். இடம் கிடைக்குமோ தெரியாது.

தீபாவளிக்கு வருகிறேன். அவனுக்கு நிறைய நெய் ஊற்று.

சாவித்திரி

*

ஆரணி
8.10.1980

சாவித்திரிக்கு,

தருமன் வீட்டுக்கு வரவில்லை.

பஸ் கண்ணமங்கலத்தில் நின்றது. "தண்ணி குடிச்சிட்டு வரேன் மாமா" என்று இறங்கினான். பஸ் கிளம்பும்போது இல்லை. உன் மாமா கீழே குதித்து, கடைத்தெரு பூராவும் இருட்டுகிறவரை தேடினார். அந்த வழியாக வேலூர் போகிற பஸ்ஸில் ஏறியதாக ஒருத்தர் சொன்னார், இல்லை, வயல் பக்கம் நடந்துபோனான் என்று இன்னொருத்தர் சொன்னார்.

நான் கத்தரிக்காய்க் குழம்பு வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். உன் மாமா தனியாக வந்தார். வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை.

போலீஸில் எழுதிக் கொடுக்கலாம் என்கிறார். அவர்களிடமா போய்த் தேடித் தரச் சொல்வது?

கமலம்

*

சென்னை
24.11.1980

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் திரும்பி வந்ததாக மாமா எழுதினார். மருந்து சாப்பிடு. எனக்கு ஒன்றுமில்லை, தூக்கம்தான் வருவதில்லை.

வெம்பாக்கத்தில் அவன் மாதிரி ஒருவனைப் பார்த்ததாகச் சொன்னார்கள் என்று போன ஞாயிற்றுக்கிழமை போனேன். அது வேறு யாரோ. அந்தப் பையன் என்னைப் பார்த்து பயந்துபோய், "நான் இன்னாங்க பண்ணேன்?" என்று கேட்டான்.

கிரிமினாலஜியில் இடம் கிடைத்துவிட்டது. சேர்ந்துவிட்டேன். வகுப்பில் உட்கார முடியவில்லை. ஒருமுறை மாட்டினவனின் பெயர் போலீஸ் ஞாபகத்தில் எப்படி நிற்கிறது, அடுத்த திருட்டுக்கு ஏன் அவனையே தேடி வருகிறார்கள் என்று வெள்ளிக்கிழமை பாடம் நடந்தது. எழுந்து வெளியே வந்துவிட்டேன். தீர்ப்பு வந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேனே அக்கா. அவனைத் தனியாக விட்டுவிட்டு நேர்முகத்துக்கு ஓடினேனே. படிப்பை விட்டுவிட்டு ஊர் ஊராகத் தேடலாமா என்று இருக்கிறது. உயிரோடு இருக்கிறானா என்றாவது தெரிந்தால் போதும்.

சாவித்திரி

*

ஆரணி
9.2.1981

சாவித்திரிக்கு அக்கா எழுதுவது. இருமல் இருக்கிறது. நீ தூங்க வேண்டும் என்பதற்காக முதலில் இதை எழுதுகிறேன். தருமன் உயிரோடு இருக்கிறான். பார்த்தேன்.

எந்த ஊர் என்று எழுத மாட்டேன். உன் மாமா ஊர் ஊராக விசாரித்துக் கண்டுபிடித்தார். அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நீ வந்தால் காதோடு சொல்கிறேன். ஒரு நெல் அரவை மில்லில் வேலை. வேறு பெயர் வைத்துக்கொண்டிருக்கிறான். தலை, புருவமெல்லாம் தவிடு. வாசலில் நின்ற என்னைப் பார்த்தான். நான் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அவனே வந்து, கூட வேலை செய்கிறவர்களிடம், "எங்க அக்கா, ஊர்லேர்ந்து வந்துகீது" என்றான். அதைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது.

மில்லுக்குப் பின்னால் உட்கார்ந்து, நான் கொண்டுபோன சோற்றைத் தின்றான். இடது கையால் தின்றான். நான் எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். கோர்ட்டே நீ திருடன் இல்லை என்று சொல்லிவிட்டது, ஜெகநாதன்கூட வேலைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார், வாடா என்றேன்.

"அந்த நூலு கெடச்சிதா?" என்று கேட்டான்.

இல்லை என்றேன்.

"அப்ப எடுத்தவன் அங்கியேதான் கீறான். மறுபடியும் எங்கனா ஒண்ணு காணாமப் போவும். மொதல்ல யார் வீட்டுக்கு வருவாங்க சொல்லு? இங்க எது காணாமப் போனாலும் எல்லாருமா சேர்ந்து தேடறாங்க. நானும் தேடறேன்."

அதற்குப் பதில் உனக்குத் தெரிந்தால் எழுது. மாதத்துக்கு ஒரு தடவை வந்து பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டான். நீயும் வரலாமாம். கோட்டு மட்டும் போட்டுகினு வரக் கூடாதாம்.

கிளம்பும்போது உன்னைக் கேட்டான். எந்தப் படிப்பு எடுத்தாய், பாங்கியா என்றான். கிரிமினாலஜி என்றேன். நீ சொன்னதையே, தெரிந்த மட்டும் சொன்னேன்: குத்தம் செய்யறவங்களப் பத்தின படிப்பாம்.

சோற்றுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, கோபமில்லாமல்தான் கேட்டான்:

"செய்யாதவங்களப் பத்தி எதுனா படிப்பு இருக்குதாமா?"

இருக்கிறதா சாவித்திரி? அடுத்த மாதம் போகும்போது கேட்பான். நடுவில் விடாமல் படி. வேளைக்குச் சாப்பிடு.

கமலம்